உயிரியல் படித்த பிள்ளைக்கு வேளாண் பொறியியல் ஒத்துவருமா?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கத்தைச் சேர்ந்தவள். உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறேன். மருத்துவத்துக்குப் போதிய புள்ளி வராது என்று எனக்கே தெரியும். அப்பா நவகிரிக் குளத்துத் தண்ணீரை நம்பி மூன்று ஏக்கர் வேளாண்மை செய்கிறார். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருப்பதால் சிறுபோகத்தில் தண்ணீர் வந்தால்தான் வந்தது. விவசாய பீடத்துக்குப் போய் வேளாண் பொறியியலைச் சிறப்பாகப் படிக்க விரும்புகிறேன். ஆனால் சாதாரண தரத்துக்குப் பிறகு கணிதம் படிக்கவில்லை. தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் (பயிர், கால்நடை, உணவு போன்ற உயிர்சார் உற்பத்திக்கான தொழினுட்பம்) படிக்கும் என் சித்தப்பாவின் மகன், இரண்டும் ஒரே படிப்புத்தான் என்கிறான். அம்மாவோ, "நாங்கள் வயலில் நின்று பட்டது போதாதா, படித்த பிறகும் வயலுக்கா போகப்போகிறாய்?" என்று கேட்கிறா. படித்து முடித்தால் என்னைப் பொறியியலாளர் என்று ஏற்றுக்கொள்வார்களா? நல்ல முடிவு எடுக்க உதவுங்கள்.

பதில்: அன்புள்ள மகளுக்கு,

பட்டத்தின் பெயர் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருந்தாலும் அதுவே உங்களை அதிகம் அலைக்கழிக்கிறது என்பது கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. அதற்குத் திட்டமான பதில் உண்டு. சற்றுப் பின்னர் தருகிறேன். அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெயரை வைத்து முடிவெடுப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் மனம் சோர்ந்து நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஆகவே படிப்பிலிருந்து தொடங்குவோம்.

பெரும்போகம் வெட்டும் காலத்தில் உங்கள் ஊரில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு கதிர் அறுத்து, சூடு (கதிர்க் குவியல்) வைத்து, சூடு மிதித்து முடியும்வரை நெல் மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது வெட்டு இயந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்தில் மூன்று ஏக்கரையும் முடித்து, ஏறத்தாழ 20 சதவீதமோ அதற்கு மேலோ ஈரமுள்ள நெல்லைப் பையில் கட்டித் தந்துவிடுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரத்தையே தரமாக வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் உங்கள் அப்பா தார் வீதியில் நெல்லைப் பரப்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு கடக்கிறார். அதைக் கடக்க முடியாதபோது கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்.

வேளாண் பொறியியல் மாணவி இதைக் கணக்காக எழுதுவாள். 1000 கிலோ நெல்லில் 20 சதவீதம் ஈரம் என்றால் நீர் 200 கிலோ, உலர்பொருள் 800 கிலோ. உலர்த்தும்போது அந்த 800 கிலோ குறைவதில்லை. ஈரம் 14 சதவீதமானபின் மொத்த நிறையில் 86 சதவீதமாக இருக்கவேண்டியது அதுவே, 800ஐ 0.86ஆல் வகுத்தால் 930 கிலோ வருகிறது. எனவே வெளியேற வேண்டிய நீர் 70 கிலோ. இருபதில் பதினான்கு போனால் ஆறு, ஆகவே 60 கிலோ என்று மனக்கணக்குப் போடுபவர்கள் அதிகம். பத்துக் கிலோ வித்தியாசத்தில் உலர்த்தியின் அளவே மாறிவிடும். ஒரு கிலோ நீரை நெல்மணியிலிருந்து ஆவியாக்க ஏறக்குறைய 2.5 மெகாயூல் வெப்பம் வேண்டும் என்று கொண்டால், மொத்தம் 175 மெகாயூல். அதே 1000 கிலோ நெல்லைக் குற்றும்போது ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும்; ஒரு கிலோ உமியை எரித்தால் 13 மெகாயூல் அளவில் வெப்பம் வரும். அடுப்பிலும் காற்றுக் குழாயிலும் முக்கால்வாசி வெப்பம் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் 54 கிலோ உமி போதும். நெல் தன்னை உலர்த்திக்கொள்வதற்கான எரிபொருளைத் தன்னோடு சுமந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி மிச்சமாகிறது என்பதை இந்தச் சிறு கணக்குக் காட்டுகிறது. சம்மாந்துறையிலும் கல்முனையிலும் அரிசி ஆலைகளின் பின்புறம் உமி மலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதை இனி இந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஆனால் கணக்கு இங்கே முடிந்துவிட்டால் இது வெறும் வெப்பவியல் பாடமாகிவிடும். நெல்மணி உயிருள்ள பொருள். வெட்டிய பின்னும் அது சுவாசிக்கிறது. ஈரமாகப் பையில் அடைத்து வைத்தால் அந்தச் சுவாசத்தால் சூடேறி, பூஞ்சணம் பிடித்து, நிறம் மாறுகிறது. தார் வீதியில் கடும் வெயிலில் மிக விரைவாகக் காய்ந்தால் மணியின் வெளிப்பகுதி உலர்ந்தும் உட்பகுதி ஈரமாகவும் நின்று, உள்ளுக்குள் இழுவிசை உண்டாகிறது. அப்படிக் காய்ந்த மணியின்மேல் இரவுப் பனியோ ஒரு சிறு மழைத் தூறலோ பட்டால் மணி வெடிப்புக் காண்கிறது. நெல்லாக இருக்கும்போது அந்த வெடிப்பு யாருடைய கண்ணுக்கும் தெரியாது. ஆலையில் தீட்டும்போதுதான் முழு அரிசி குறைந்து குறுணல் கூடுகிறது. விவசாயியும் ஆலைக்காரரும் ஒருவரையொருவர் குறை சொல்கிறார்கள். விதைநெல் என்றால் நிலைமை இன்னும் கடுமை: உலர்த்தும் காற்று 43 பாகை செல்சியசைத் தாண்டினால் முளைதிறன் கெடும். எவ்வளவு வெப்பம், எவ்வளவு காற்று, எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்க வெப்பவியல் தெரிந்தால் மட்டும் போதாது, வித்துக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் உயர்தரத்தில் படித்த கலச் சுவாசம் இங்கே பயன்படுகிறது. உயிரியல் படித்தவள் என்பதால் பின்தங்கிவிடுவேன் என்று எண்ணாதீர்கள். பொறியியல் பீடத்திலிருந்து வருபவர்களுக்குப் பிடிபட நாளெடுப்பது இந்தப் பகுதிதான்.

நெல் உலர்த்துதல் இத்துறையின் ஒரு மூலை மட்டுமே. நில அளவை, மண் பௌதிகம், நீரியல், நீர்ப்பாசனமும் வடிகாலமைப்பும், பண்ணை இயந்திரங்கள், அறுவடைக்குப் பின்னான தொழினுட்பம், கால்நடைக் கொட்டில் முதல் பாதுகாக்கப்பட்ட பயிர்க்கூடம் வரையான கட்டமைப்புகள், மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி, செய்மதிப் படங்களைக் கொண்டு பயிர்நிலத்தை ஆராய்தல், மண்ணின் ஈரத்தைத் தானே அளந்து சொல்லும் உணரிகள் என்று பரந்து கிடக்கிறது.

உங்கள் வயலின் பிரச்சினை நீர்ப்பாசனத்துக்குள் வருகிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று நம் பக்கத்து மண்ணிலேயே நடந்தது. 1949இல் தொடங்கிய, அம்பாறைப் பக்கத்துக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் இடதுகரை வாய்க்கால்கள் 1970களின் இறுதிக்குள் பெரிதும் சிதைந்துபோயிருந்தன. தலைப்பகுதியில் இருந்தவர்கள் தேவைக்கு மேல் தண்ணீர் எடுக்க, கடைக்கோடியில் இருந்தவர்களுக்கு, அவர்களில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தார்கள், ஒன்றும் எஞ்சவில்லை. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வாய்க்கால் திருத்தும் வேலையோடு ஒழுங்கமைப்பாளர்களையும் அனுப்பி, ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுப்பவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். சீமெந்து வேலை பெருமளவில் நடப்பதற்கு முன்னரே அந்தக் குழுக்கள் வாய்க்காலைத் தாமே துப்புரவு செய்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிச்சம் பிடித்த நீரைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டார்கள். உலகெங்கும் நீர்ப்பாசனம் படிப்பவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். துருசின் (மதகின்) அளவையும் வாய்க்காலின் சரிவையும் கணிக்கத் தெரிந்த ஒருவர், வட்டவிதானையோடும் (வயல் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் ஊர்ப் பொறுப்பாளர்) விவசாய அமைப்போடும் உட்கார்ந்து பேசவும் தெரிந்திருந்தால்தான் தண்ணீர் கடைசி வயலுக்குப் போகும். கடைசி வயலிலேயே வளர்ந்த உங்களுக்கு அந்தப் பேச்சு இயல்பாக வரும்.

இனிக் கணிதம். கணிதம் இல்லாமல் இந்தத் துறையில் காலம் தள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வேண்டிய கணிதம் உங்களால் எட்ட முடியாததும் இல்லை. உதாரணத்துக்கு, நம் நீர்ப்பாசன உத்தியோகத்தர்கள் இன்றும் குசெக் கணக்கில்தான் பேசுகிறார்கள். செக்கனுக்கு ஒரு கன அடி தண்ணீர் ஓடினால் அது ஒரு குசெக். ஒரு மணி நேரத்தில் 3600 கன அடி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க 3630 கன அடி வேண்டும். ஆகவே ஒரு குசெக் தண்ணீர் ஒரு மணி நேரம் வந்தால் ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும். இதற்குச் சாதாரண தரக் கணிதத்துக்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அடுத்த படியில் அடிப்படை நுண்கணிதம், மடக்கை, புள்ளிவிபரவியல் ஆகியன வரும். விவசாய பீடங்களில் முதலாம் ஆண்டிலேயே கணிதமும் புள்ளிவிபரவியலும் கற்பிக்கிறார்கள். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு இடையில் மாதக்கணக்கில் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் இணைந்த கணிதம் படித்த ஒரு தோழியிடம் தரம் 12க்குரிய குறிப்புகளை வாங்கி, சார்புகள், திரிகோண கணிதம், வகையீடு ஆகிய மூன்றையும் ஆறுதலாகச் செய்து பாருங்கள். தொகையீட்டைப் பிறகு பார்க்கலாம். பௌதிகவியல் படித்திருந்தால் பாதிச் சுமை ஏற்கெனவே இறங்கிவிட்டது. கணிதத்தைவிட ஆங்கிலம்தான் கூடிய தொல்லை தரும் என்பது என் அனுபவம்; விரிவுரை, செய்முறை அறிக்கை, பரீட்சை எல்லாமே ஆங்கிலத்தில்தான்.

சித்தப்பாவின் மகன் சொல்வது அரைகுறை உண்மை. இரண்டு படிப்புக்கும் பொதுவான பாடங்கள் நிறைய உண்டு. போகும் வாசல்கள் வேறு. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியபோது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் அதில் ஒரு முதன்மைப் பாடமாக வந்தது. அதைப் படித்தவர்கள் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம், கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொழினுட்ப பீடம் போன்றவற்றில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் பட்டம் படிக்கிறார்கள். அங்கே செய்முறையும் தொழிற்பயிற்சியும் முன்னுக்கு நிற்கும். உயிரியல் பிரிவில் எழுதிய உங்களுக்கு அந்த வாசல் திறக்காது. அவருக்கு விவசாய பீடத்தின் வாசல் திறக்காது. இருவரும் ஒரே பண்ணையில் சந்திக்கலாம், ஒருவர் மற்றவரின் வேலையை மதிக்கவும் வேண்டும்.

உங்களுடைய வாசல் விவசாய பீடம். பேராதனை, ருகுணை, ரஜரட்ட, வயம்ப, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களின் விவசாய பீடங்களில் வேளாண் பொறியியலுக்கோ உயிர்முறைமைகள் பொறியியலுக்கோ உரிய துறை ஏதாவது ஒரு பெயரில் இருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பில் முற்பகுதி எல்லோருக்கும் பொது: பயிர், மண், கால்நடை, பொருளியல் எல்லாம் படிக்க வேண்டும். பிற்பகுதியில்தான் துறையைத் தெரிவுசெய்து, ஆய்வும் தொழிற்பயிற்சியும் செய்வீர்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. நீங்கள் பெறப்போவது விவசாயப் பட்டம். பொறியியல் பீடம் வழங்கும் பொறியியல் பட்டம் அன்று. இலங்கையில் பொறியியல் பீடத்துக்குப் போக இணைந்த கணிதம் படித்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைந்த பொறியியற் பேரவையில்தான் பொறியியல் தொழிலில் இருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். விவசாயப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளர் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. வேறு நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் கென்டக்கிப் பல்கலைக்கழகத்திலும் உயிர்முறைமைகள் மற்றும் வேளாண் பொறியியல் என்றே துறைகள் இருக்கின்றன. அங்கே அது முழுமையான பொறியியல் படிப்பு. இந்தியாவில் கோயம்புத்தூரிலும் கரக்பூரிலும் கணிதம் படித்துச் சேர்ந்து பொறியியல் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள். இங்கே இத்துறை விவசாய பீடங்களுக்குள் வளர்ந்தது. இந்த வேறுபாட்டை முதல் நாளே தெரிந்துகொண்டு உள்ளே போனால் பின்னர் ஏமாற்றம் இராது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெயருக்கு முன்னால் பொறியியலாளர் என்று போடுவதுதான் உங்கள் விருப்பத்தின் மையம் என்றால் இந்தப் பாதையைத் தெரிவுசெய்யாதீர்கள்; நான்கு ஆண்டும் மனத்தில் ஒரு குறையோடே கழியும். சிறுபோகத்தில் தண்ணீர் ஏன் உங்கள் வரம்புவரை வருவதில்லை என்ற கேள்வி உங்களை விடாமல் பிடித்திருக்கிறது என்றால், இதைவிடப் பொருத்தமான படிப்பு உயிரியல் பிரிவிலிருந்து போகக்கூடிய வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைப் படித்த அளவில் நீங்கள் இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் கேள்வியை நான் மதிக்கிறேன். வெயிலில் வேகாமல் என் பிள்ளை வாழவேண்டும் என்று நினைக்கும் தாயிடம் வயலின் பெருமையைப் பேசிப் பயனில்லை. அவவிடம் வேலையைப் பற்றிப் பேசுங்கள். விவசாய பீடங்களின் வகுப்புகளில் இன்று பெண்பிள்ளைகளே கூடுதல். படித்து முடித்தவர்கள் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கை விவசாய சேவைக்குப் போகிறார்கள். மகா இலுப்பள்ளமையிலுள்ள பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம், அனுராதபுரத்திலுள்ள அறுவடைக்குப் பின்னான முகாமைத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் இத்துறைக்கே உரிய வேலைகள் இருக்கின்றன. உழவு இயந்திரம், சொட்டு நீர்ப்பாசனம், பயிர்க்கூடம், கால்நடைத் தீவனம், உணவு பதனிடல் ஆகிய தொழில்களை நடத்தும் தனியார் நிறுவனங்களும் எடுக்கின்றன. பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் வேளாண் பொறியியலில் மேற்படிப்பு நடத்துகிறது. கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகம் தானியச் சேமிப்பு ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் காலம் நீளக்கூடும். அதனால் கடைசி ஆண்டுத் தொழிற்பயிற்சியை வீட்டுக்குக் கிட்ட, இலகுவான இடம் என்று பார்க்காமல், வேலை பழகக் கிடைக்கும் இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். பயிற்சிக்குப் போன இடத்திலேயே வேலை பெறுபவர்கள் பலர்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். அடுத்த வெட்டு நடக்கும்போது, இயந்திரம் போனபின், பக்கத்துக்கு ஒரு மீற்றராக நான்கு தடிகளைக் கட்டிச் சதுரமாக்கி வயலில் வையுங்கள். வைக்கோலை ஒதுக்கிவிட்டு அந்தச் சதுரத்துக்குள் சிந்திக்கிடக்கும் நெல்மணிகளைப் பொறுக்கி எண்ணுங்கள். வயலில் ஐந்தாறு இடங்களில் இப்படி எண்ணிச் சராசரி எடுங்கள். உங்கள் இனத்து நெல்லில் 1000 மணியை எண்ணி அவற்றின் நிறையையும் பாருங்கள். சாதாரண நாட்டரிசி நெல் என்றால் 25 கிராமுக்குக் கிட்ட வரும், சம்பா என்றால் குறையும். சதுர மீற்றருக்கு 400 மணி கிடந்தால் அது 10 கிராம்; ஒரு ஏக்கரில் 4047 சதுர மீற்றர் இருப்பதால் ஏக்கருக்கு 40 கிலோ. வெட்டுக்கு முன்னரே உதிர்ந்த மணியைக் கழிக்க, வெட்டாத பகுதியிலும் அதே சதுரத்தை வைத்து எண்ண வேண்டும். இயந்திரக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லி ஒரு துண்டு நிலத்தில் வேறாக எண்ணிப் பார்த்தால், வேகத்துக்கும் சிந்தலுக்கும் உள்ள தொடர்பு கைக்கு வந்துவிடும். கிடைத்த எண்ணை அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் கண்ணால் அறிந்ததோடு அது ஒத்துவருகிறதா என்று கேளுங்கள். இந்த வேலை உங்களுக்கு அலுப்பைத் தந்தால் படிப்பும் அலுப்பைத் தரும். ஏன் இவ்வளவு சிந்துகிறது என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பம் நிரப்பும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைந்நூலை நீங்களே வாசியுங்கள். பிறர் சொல்லக் கேட்டு நிரப்பாதீர்கள். பேராதனையில் விவசாயப் பட்டம் விவசாயத் தொழினுட்பமும் முகாமைத்துவமும் என்ற பெயரில் தனியாக வரும், அதைத் தவறவிடக்கூடாது. இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளி) இடங்கொடுத்தால் நான் பேராதனையை முதலில் போடச் சொல்வேன். பழைய பீடம், பக்கத்திலேயே பொறியியல் பீடம், உலர்வலய வேளாண்மையைப் பழக மகா இலுப்பள்ளமையில் ஓர் உபவளாகம். இரண்டாவதாக வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் போடுங்கள். வீட்டுக்குக் கிட்ட என்பதற்காகச் சொல்லவில்லை. மட்டக்களப்பின் நெல்வயலும் வாவிக்கரை உவர்நிலமும் கரையோர மணல்மண்ணும் அங்குள்ள மாணவர்களின் ஆய்வுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. புள்ளி எதற்கும் போதாமல் போனால், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் தொழினுட்ப பீடத்தில் வேளாண்மை, பெருந்தோட்டப் பொறியியலுக்கென ஒரு துறை இருக்கிறது; அதன் மட்டக்களப்பு நிலையத்தில் சேரும் தகைமையையும் கட்டணத்தையும் விசாரியுங்கள். பெறுபேறு வந்ததும் அதோடு உங்கள் நெல்மணிக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள், இரண்டையும் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.